பெஞ்சில் உட்காரும் ஆளை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் விளையாட்டுக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உங்கள் கல்லூரிகளின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதும் நடுவர்களில் நானும் ஒருவன். வார நாள்களில் ஓசூரில் ஓர் ஆலையில் வேலை. போட்டிக் காலம் வந்துவிட்டால் சனி, ஞாயிறு தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஏதாவது ஒரு கல்லூரி மைதானம். நடுவர் யாருக்கும் பரிந்து பேசக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு ஆட்டம் ஓடும் நாற்பது நிமிடத்துக்கு மட்டுமே என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன் ஸ்கோர் ஷீட் என் கைக்கு வரும். வீரர்களின் பெயர், ஜெர்சி எண், கேப்டன் யார் என்ற குறிப்பு, அதன் கீழே பயிற்சியாளரின் பெயரும் கையொப்பமும். வீரர்களின் பெயர்கள் மாறுவது இயல்பு. மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் வீரர்களைவிட வேகமாக மாறுவது பயிற்சியாளரின் பெயர்தான். முதலாம் ஆண்டில் பார்த்த பெண் மூன்றாம் ஆண்டிலும் அதே ஏழாம் எண் ஜெர்சியில் நிற்கிறாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெஞ்சில் இல்லை.

“போன ஆண்டு இருந்த சார் எங்கே?” என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். பெங்களூரில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டார். சம்பளம் நின்றுபோனதால் அவரும் நின்றுவிட்டார். முதல் சுற்றிலேயே தோற்றதால் நிர்வாகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதில் கடைசிப் பதிலைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். முதல் இரண்டுக்கும் உங்களிடம் காரணம் இருக்கலாம். மூன்றாவதற்குக் காரணமே இல்லை என்பதுதான் என் வாதம்.

நம் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கபடி உண்டு, கோ-கோ உண்டு, கைப்பந்து உண்டு. மண் தரையும் ஒரு கயிறும் போதும் என்கிற ஆட்டங்கள் எல்லாம் உண்டு. சிமென்ட் தளமும் பத்தடி உயரத்தில் வளையமும் கேட்கிற கூடைப்பந்து பெரும்பாலும் நகரத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே நம் கல்லூரி அணிகளில் பாதிப் பேர் பதினேழு, பதினெட்டு வயதில்தான் அந்தப் பந்தை முதன்முதலாகத் தொடுகிறார்கள். ஓட்டம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. ஆனால் பந்தைப் பிடித்ததும் கால் தானாக ஓடுகிறது. கபடிக் கால். நான் விசில் ஊதுகிறேன், டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் ஓடிய தவறு. மறுபடியும் பந்து, மறுபடியும் ஓட்டம், மறுபடியும் விசில். முதலாம் ஆண்டு அணி ஆடும் ஆட்டத்தில் எனக்கே வாய் வலித்துவிடும்.

அந்தக் காலை நிறுத்துவதற்கு ஓர் ஆண்டு ஆகிறது. பந்தைப் பார்க்காமல் தட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தப் பழகுவதும், இரண்டு கையாலும் பாஸ் கொடுப்பதும் அதே ஆண்டில்தான். இரண்டாம் ஆண்டில் எதிராளியைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா என்ற கேள்வி புரியத் தொடங்கும். பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்பது, கற்பதிலேயே கடினமான பாடம், மூன்றாம் ஆண்டில்தான் உடம்பில் ஏறும். ஏறியதும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜூனில் சேர்ந்த பயிற்சியாளரைச் செப்டம்பர் மாதப் போட்டியை வைத்து நீங்கள் எடைபோட்டால், தராசில் இருப்பவர் அவர் அல்ல, அவருக்கு முன்னால் இருந்தவர். ஒரு பயிற்சியாளரின் சொந்தக் கணக்கு அவர் கையில் பந்தைத் தொட்ட பிள்ளைகள் இறுதியாண்டுக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. அதற்குள் அவரை அனுப்பிவிடுகிறீர்கள். உங்களில் பலருக்கு மாந்தோப்பு உண்டு. கன்று நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டு பூவைக்கூடக் கிள்ளி எறிகிறீர்கள். காய்க்கவில்லை என்று கன்றைப் பிடுங்குவதில்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பெண்கள் ஆட்டம். ஓர் அணி நாற்பது புள்ளிக்கு மேல் பின்தங்கிக் கிடக்கிறது. கடைசிச் சுற்றில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். தோற்கும் அணியின் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்கிறார். எனக்கு எரிச்சல். இதில் இன்னும் என்ன தந்திரம் சொல்லப்போகிறார்? அறுபது விநாடி. அவர் எந்தத் தந்திரமும் சொல்லவில்லை. ஒரு பெண்ணைப் பக்கக் கோட்டோரம் நிறுத்தி, சட்டைப் பையில் இருந்த சாக்குக் கட்டியை எடுத்துக் குனிந்து, அவளுடைய இடது காலைச் சுற்றி வட்டம் போட்டார். “இந்தக் கால் இங்கேயே இருக்கட்டும், அடுத்த காலால் எங்கே வேண்டுமானாலும் திரும்பு” என்றார். மற்ற நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது, தோற்றார்கள், கை குலுக்கினார்கள், போனார்கள். கைநழுவிப்போன ஆட்டத்தில்கூட ஒரு நிமிடப் பாடம் மிச்சம் இருக்கிறது என்று அந்த மனிதர் கண்டுபிடித்திருந்தார். நானும் விளையாடியவன்தான், எனக்கு அப்படி ஒரு பயிற்சியாளர் வாய்க்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே அணி அரையிறுதி வரை வந்து தோற்றது. அந்தக் கோடையிலேயே அவர் நீக்கப்பட்டார். “இரண்டு ஆண்டாகக் கோப்பை இல்லை” என்று சொன்னார்களாம். ஜூனில் புதியவர் வந்தார், நல்ல மனிதர், அவர்மேல் எந்தக் குறையும் எனக்கு இல்லை. செப்டம்பரில் அதே பெண்கள், சாக்குக் கட்டியால் வட்டம் போடப்பட்ட அதே இடது கால், கோப்பையை வென்றார்கள். செய்தித்தாள் புகைப்படத்தில் தாளாளர், முதல்வர், புதிய பயிற்சியாளர், மூவர் தோளிலும் சால்வை. புதியவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: “சார், இது நான் சமைத்ததில்லை, நான் பரிமாறினேன், அவ்வளவுதான்.” மறு ஆண்டு அந்தப் பெண்கள் படிப்பு முடித்துப் போனார்கள். புதிய பிள்ளைகளோடு அணி முதல் சுற்றில் தோற்றது. அவரும் நீக்கப்பட்டார். இப்போது அந்தக் கல்லூரியில் மூன்றாமவர் இருக்கிறார். முதலாமவர் பெங்களூரில் ஒரு பள்ளியில் மழலைகளுக்குப் பந்து உருட்டச் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. ஓசூர் எல்லையைத் தாண்டினால் நல்ல சம்பளம். அவரை யார் குறை சொல்ல முடியும்?

கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியை ஒரு முழுநேரத் தொழிலாக, ஒரு வாழ்நாள் வேலையாக வளர்த்த நாடு அமெரிக்கா. அங்கே இருப்பதெல்லாம் நமக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் அதற்கு வருகிறேன். ஆனால் அங்கே மிகப் பெரிய பெயர் எடுத்தவர்களின் முதல் சில ஆண்டுகளை மட்டும் பாருங்கள். நம் ஊர் நிர்வாகக் குழுவின் முன் அவர்களை நிறுத்திப் பாருங்கள்.

மைக் ஷெஷெஃப்ஸ்கி 1980இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் மூன்று பருவங்களில் (ஒரு பருவம் என்றால் ஓராண்டுப் போட்டிக் காலம்) 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று தோற்றார். 43 புள்ளி வித்தியாசம். நான் மேலே சொன்ன ஆட்டத்தைப் போலத்தான். பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் அவரை அனுப்பச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். அங்கிருந்த விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984இல் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார். முதல் தேசியச் சாம்பியன் பட்டம் 1991இல், பதினோராவது பருவத்தில் வந்தது. 2022இல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 1,202 வெற்றிகள், ஐந்து பட்டங்கள். இந்தக் கதையில் நான் வணங்குவது ஷெஷெஃப்ஸ்கியை அல்ல, பட்டர்ஸை. இந்த மடல் உங்களுக்கு எழுதப்படுவதும் அதனால்தான். நீங்கள் இருப்பது பட்டர்ஸின் நாற்காலியில்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்துக்கு இதைவிட மோசம். 1961இல் பொறுப்பேற்றவர். 1965இல் ஓர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியபோது, அவருடைய கொடும்பாவியை மாணவர்கள் கல்லூரி வளாகத்திலேயே தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் அவரை வைத்துக்கொண்டது. 1982இல், இருபத்தொன்றாவது பருவத்தில் முதல் தேசியப் பட்டம். மைக்கேல் ஜோர்டான் என்ற முதலாம் ஆண்டு மாணவர் அந்த அணியில் இருந்தார்.

ஜான் வுடனைப் பற்றி எல்லோரும் சொல்வது, பன்னிரண்டு ஆண்டில் பத்து தேசியப் பட்டம், அதில் ஏழு தொடர்ச்சியாக. யாரும் சொல்லாதது, 1948இல் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த அவருக்கு முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது என்பது. பதினாறாவது பருவம். இடையில் அவர் வெறுமனே தோற்றுக்கொண்டிருக்கவில்லை, வட்டாரப் பட்டங்கள் வாங்கினார். ஆனால் பெரிய கோப்பை வரவில்லை. அப்போது அவர்களுக்குச் சொந்தமாகப் பெரிய அரங்கமும் இல்லை. மல்யுத்தக்காரர்களோடும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களோடும் பங்குபோட்டுக்கொண்ட பழைய உடற்பயிற்சிக் கூடத்தில்தான் பயிற்சி. பயிற்சிக்கு முன் வுடன் தானே நின்று தரையைத் துடைப்பார். பெரிய அரங்கம் திறந்தது 1965இல், இரண்டு பட்டங்கள் வாங்கிய பிறகு. “இண்டோர் ஸ்டேடியம் வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொல்லும் தாளாளர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. பருவத்தின் முதல் நாள் வுடன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் காலுறை போடுவது எப்படி என்பது. சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, விரல்களுக்கு மேலும் குதிகாலிலும் கையால் தடவிப் பார்த்து, பிறகு ஷூ லேஸைத் துளை துளையாக இறுக்க வேண்டும். சுருங்கிய காலுறையால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆடமுடியாது. அமெரிக்காவின் மிகச் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பாடம் தேவைப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் வாழ்நாளில் முதல் ஷூவைப் போடுவது கல்லூரி அணிக்காகத்தான். அதுவும் சீனியர் போட்டுவிட்டுக் கொடுத்த, ஓர் எண் பெரிய ஷூ. இவர்களுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் கதை இதைவிடச் சுவையானது. ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி, கூடத்தின் மாடிக் கைப்பிடியில் மாட்டிய பீச் பழக் கூடைகள், பதின்மூன்று விதிகள். இதுவரை பாடப் புத்தகத்தில் இருக்கும். பிறகு அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அணியைத் தொடங்கி, ஒன்பது பருவங்கள் பயிற்சியாளராக இருந்தார். கணக்கு: 55 வெற்றி, 60 தோல்வி. கான்சாஸின் நூற்றாண்டுக்கும் மேலான வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே. நம் ஊரில் இருந்திருந்தால் முதல் ஆண்டு முடிவிலேயே “உங்கள் சேவைக்கு நன்றி” என்று கடிதம் போயிருக்கும்.

அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அதே கான்சாஸில் 39 பருவங்கள் பயிற்சியளித்து 590 ஆட்டங்கள் வென்றார். ஆலனிடம் ஆடியவர்களில் ஒருவர் அடால்ஃப் ரப். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 876 வெற்றி. இன்னொருவர் மேலே சொன்ன டீன் ஸ்மித், 879 வெற்றி. நெய்ஸ்மித்தின் முதுமைக் காலத்தில் கான்சாஸில் அவரிடம் படித்த ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவர். பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. ஆடவிடாத அந்த மாணவர்தான் பின்னாளில் டென்னசியில் ஒரு கறுப்பினக் கல்லூரி அணியை 1957, 1958, 1959 என்று மூன்று ஆண்டும் என்.ஏ.ஐ.ஏ. என்ற சிறு கல்லூரிகளுக்கான அமைப்பின் தேசியப் பட்டத்துக்குக் கொண்டுபோனார். (மைதானத்துக்குள் யாரை விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வி நம் மாவட்டங்களுக்கும் அந்நியமானதல்ல. அதற்குத் தனி மடல் வேண்டும்.) 55-60 வைத்திருந்த ஒருவரின் திண்ணையில் இருந்து கிளம்பியவர்கள் இவ்வளவு பேர். இதில் எதையும் ஓராண்டு ஸ்கோர் ஷீட் காட்டியிருக்காது.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் நேரடி உறவும் உண்டு. அங்கே பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. உங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அங்கே படித்திருக்கலாம். இல்லையென்றால் அவருக்குப் படிப்பித்தவர் படித்திருப்பார்.

இனி நீங்கள் சொல்லக்கூடியவை.

“அங்கே கோடிக்கணக்கில் பணம்.” உண்மை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசு ஊதியம் வாங்குவோரில் முதலிடத்தில் இருப்பவர் ஏதோ ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர்தான். அந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு வேண்டாம். அந்தப் பணத்தோடு சேர்ந்து வந்த அழுக்கும் வேண்டாம். 2017இல் லஞ்ச வழக்கில் கல்லூரி அணிகளின் உதவிப் பயிற்சியாளர்கள் கைதானார்கள். நான் கேட்பது கோடி அல்ல, பன்னிரண்டு மாதம். பெரும்பாலான பகுதிநேரப் பயிற்சியாளர்களுக்குக் கல்லூரி நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் பணம். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அதே மே மாதத்தில்தான் அவர் பள்ளி மைதானங்களைச் சுற்றி, அடுத்த ஆண்டுக்கு உயரமான பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, உங்கள் கல்லூரியில் சேரச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுகிறார். பெட்ரோல் அவருடையது.

“அதற்குத்தான் உடற்கல்வி இயக்குநர் இருக்கிறாரே.” இருக்கிறார், ஒருவர். கபடியில் இருந்து சதுரங்கம் வரை எல்லா அணியும் அவர் பொறுப்பு. விளையாட்டு விழா அணிவகுப்பு, சேர்க்கைக் காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பு, தேர்வுக்கூடப் பணி, வாசலில் நின்று அடையாள அட்டை பார்ப்பது, எல்லாம் அவர்தான். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்காகவும்தான் பேசுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி அந்தப் பதவிக்கு வர முப்பது வயதுக்குட்பட்ட ஆண் பன்னிரண்டு நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு அவர் ஓடும் ஓட்டத்தை யாரும் அளப்பதில்லை.

“நீண்ட காலம் வைத்திருந்தால் ஆள் சோம்பேறியாகிவிடுவார், அல்லது தன்னைத்தவிர யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.” இதுதான் உங்கள் வாதங்களில் வலுவானது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட் மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கியவர். 1985இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கி மைதானத்தில் எறிந்தார். பயிற்சியில் ஒரு மாணவனின் கழுத்தில் கை வைத்த காட்சி பின்னாளில் ஒளிபரப்பானது. கோப்பைகளைக் காட்டி இருபது ஆண்டுக்கு மேல் அவரைப் பொறுத்துக்கொண்ட பல்கலைக்கழகம் 2000இல்தான் நீக்கியது. தாமதம் என்பேன். கை ஓங்கும் பயிற்சியாளரை, பெண் பிள்ளைகளிடம் தவறாகப் பேசும் பயிற்சியாளரை மறுநாளே அனுப்புங்கள், அவர் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் சரி. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உங்கள் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களின் பெயர்ப் பலகை மைதானத்திலும் இருக்கட்டும். ஆள் சரியில்லை என்று நீக்குவது வேறு, ஆட்டம் தோற்றது என்று நீக்குவது வேறு. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. கத்துகிறவர், திட்டுகிறவர், கோப்பையோடு வந்தால் நிலைக்கிறார். சாக்குக் கட்டிக்காரர் போய்விடுகிறார்.

பெண்கள் அணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்கு வந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. வகுப்பில் இருக்கிற பெண்ணை மைதானத்துக்குக் கொண்டுவருவது பயிற்சியாளரின் வேலை. அந்த வேலையில் பெரும் பகுதி பந்தோடு தொடர்பில்லாதது. மாலைப் பயிற்சி முடிய ஆறரை ஆகும். பென்னாகரம் தாண்டியோ அஞ்செட்டிப் பக்கமோ போகும் பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். அரைக்கால் சட்டை போட்டு ஆடுவதா என்று தாத்தா கேட்பார். இரண்டாம் ஆண்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, “பிள்ளையை நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் அய்யா, மூன்றாம் ஆண்டு முடியட்டும்” என்று பேச வேண்டும். அந்த வீட்டுக்காரர் சம்மதிப்பது கூடைப்பந்தை நம்பி அல்ல, அந்த முகத்தை நம்பி. அடுத்த ஆண்டு வேறு முகம் போய் நின்றால் கதவு திறக்காது. நம் மாவட்டங்களில் பெண்கள் அணிகள் ஓராண்டு தோன்றி மறு ஆண்டு காணாமல் போவதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

பேட் சம்மிட் 22 வயதில், 1974இல், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். அந்தச் சீருடைகளும் டோனட் விற்ற காசில் வாங்கியவை. முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. முதல் தேசியப் பட்டம் 1987இல், பதின்மூன்றாவது பருவத்தில். 2012 வரை அதே ஒரு பல்கலைக்கழகத்தில் 38 பருவங்கள், 1,098 வெற்றி, எட்டுப் பட்டம். என் கண்ணுக்குப் பட்டத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறு: அவரிடம் கடைசி வரை ஆடிய அத்தனை பெண்களும் பட்டப்படிப்பை முடித்தார்கள். சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை இந்திய அணியின் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். நம் பக்கத்துப் பெண்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முதுகு நிமிரும். அவர்களில் யாராவது பயிற்சியாளராக வர நினைத்தால், எத்தனை ஆண்டு வேலை நிச்சயம் என்று கேட்பாள். என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பயிற்சியாளரின் பணி ஆணையை மூன்று ஆண்டுக்குக் கொடுங்கள், ஒரு பிரிவு மாணவர்கள் நுழைந்து வெளியேறும் காலத்துக்கு. பன்னிரண்டு மாதச் சம்பளம். அதைக் கொடுக்க முடியாத சிறு கல்லூரி என்றால் பக்கத்தில் உள்ள இன்னொரு கல்லூரியோடு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். போட்டியில் இருவரும் மோதினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்று ஒரு பக்கம் உடற்கல்வி இயக்குநர் உட்காரட்டும், ஒன்றும் ஆகிவிடாது. வளையத்துக்குப் பின்னால் மாட்டும் கண்ணாடிப் பலகைக்கும் சிறப்பு விருந்தினரின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்கும் ஒதுக்கிய தொகையை இரண்டு ஆண்டுக்கு அப்படியே இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள். தகரப் பலகையிலும் பந்து பட்டுத் திரும்பும். 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டியே திறந்தவெளி மண் தளத்தில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8.

மதிப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மதிப்பீட்டின் கேள்விகளை மாற்றுங்கள். முதலாம் ஆண்டில் அணிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் ஆடுகிறார்கள்? எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள்? பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு எத்தனை பேர் போனார்கள்? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கும் மாநிலம் இது. அதற்கு விண்ணப்பிக்கும் அளவுக்குச் சான்றிதழோடு எத்தனை பேர் வெளியே போனார்கள்? இவற்றுக்கு மூன்று ஆண்டு முடிவில் பயிற்சியாளர் பதில் சொல்லட்டும். பதில் மோசமாக இருந்தால் அப்போது மாற்றுங்கள். யாரும் கேட்கமாட்டோம், நான் உட்பட.

ஜூனில் கல்லூரி திறப்பதற்கு முன் பணி ஆணைகள் தட்டச்சாகும். அதற்கு முந்தைய நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். நேரில் வந்து பேச வேண்டும் என்றால் வருகிறேன், பயணப்படி வேண்டாம். சனிக்கிழமையாக வைத்தால் நான் விடுப்பு எடுக்க வேண்டியிருக்காது. உங்கள் உடற்கல்வி இயக்குநரையும் இப்போது வேலையில் இருக்கும் பயிற்சியாளரையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்களை வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்து நடுவர் ஒருவர்,
கிருஷ்ணகிரி